முந்தைய நாளின் தாள்

என் கைப்பையின் உள்ளறையில், தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள் ஒன்று மடிப்பில் இற்றுப்போய்க் கிடக்கிறது. பின்பக்கம் நீல மையில் ஒரு காளான் படம். அதைப் பிரிக்கும்போதெல்லாம் இன்றும் முதலில் முன்பக்கத் தேதியைத்தான் பார்ப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் கடைசியில், தாம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் லேசர் கருவியை இயக்கும் வேலை எனக்கு. கருவிழி மாற்று அறுவையில் கத்திக்குப் பதில் லேசர் வெட்டுவது அப்போது புதுசு, எனக்கோ தலைக்கனம். தானமாக வந்த கருவிழியை முதலில் வெட்டுவோம். பிறகு நோயாளியின் கண்ணில் அதே வடிவத்தில் வெட்டு. டப்பாவும் மூடியும் போல இரண்டும் பொருந்த வேண்டும். விளிம்பு உள்பக்கம் அகன்றால் அதற்குத் தொப்பி என்று பெயர், வெளிப்பக்கம் அகன்றால் காளான். எங்கள் டாக்டர் மேடம் அன்றன்றைய நாட்காட்டித் தாளின் பின்னால் வடிவத்தையும் அளவையும் வரைந்து கொடுப்பார். நான் அதைத் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வேன். பழைய தாளை உரித்துவிட்டு ஒட்டு என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சோம்பேறித்தனம், அதன் மேலேயே ஒட்டிவிடுவேன்.

அன்று படுத்திருந்தவர் சேலையூரில் தையல் கடை வைத்திருந்த பாய். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சிய கண்ணிலும் வெள்ளை படர்ந்து, ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான். தானக் கருவிழியைத் தொப்பியாக வெட்டி முடித்திருந்தோம். அடுத்து அவர் கண்ணுக்கான அளவைத் தாளைப் பார்த்துத் தட்டினேன். மேடமும் திரையிலிருந்த எண்களைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். கண்ணை அசையாமல் பிடிக்கும் வளையம் பதிந்தது. சொட்டு மருந்தில் கண் மட்டும்தான் மரத்திருந்தது. ஆள் முழு நினைவோடு இருந்தார்.

“இன்னா மா, ஒரே இருட்டா கீது?”

“அப்படித்தான் இருக்கும் பாய், அசையாதீங்க,” என்றபடி மேடம் லேசரைப் பாய்ச்சும் மிதிகட்டைக்குக் காலைக் கொண்டுபோனார்.

திரை வெளிச்சத்தில், தாளின் முன்பக்கத் தேதி இடவலம் மாறித் தெரிந்தது. நேற்றைய தேதி! ஏ.சி. காற்றில் இன்றைய தாள் கழன்று விழ, அடியிலிருந்த நேற்றைய காளானைப் பார்த்துத் தட்டியிருக்கிறேன். சொன்னால் வேலை போய்விடும் என்ற நினைப்பும் அந்த நொடியில் வந்தது. அப்படி நினைத்ததை இப்போது மறைக்க எனக்கு விருப்பமில்லை.

“மேடம், நிறுத்துங்க! மிதிக்காதீங்க!”

கால் விலகியது. கீழே கிடந்த தாளை எடுத்து நீட்டினேன். மேடம் முகம் வெளுத்துப்போனது. திட்டவில்லை. “மிஷின் கொஞ்சம் பேஜார் பண்ணுது பாய், ரெண்டு நிமிஷம்,” என்று வளையத்தை விடுவித்தார். தொப்பிக்கு மாற்றி, எண்களை இருவரும் வாய்விட்டுப் படித்தோம். வெட்டு பிசகில்லாமல் விழுந்தது.

ஒரு வருஷம் கழித்து, வேண்டுமென்றேதான், ரவிக்கைத் துணியோடு அவர் கடைக்குப் போனேன். தானே நூல் கோத்துக்கொண்டிருந்தவர் என் குரலைக் கேட்டு நிமிர்ந்தார்.

“மிஷின் பேஜார்னாங்க மேடம். மிஷினுக்கு யாரும் அப்டி கத்த மாட்டாங்க. தப்பு உன்னுதுதானே மா?”

ஆமாம் என்றேன், அழுகை வந்துவிட்டது.

“வெட்றதுக்கு மின்னாடி சொல்லிட்ட. நானே தப்பா வெட்டிட்டு, சொல்லாம ஒட்டுப் போட்டுக் குடுத்த துணி எத்தினியோ கீது.”

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் அளவுகள் கணினியிலேயே வந்துவிடுகின்றன. ஒட்டத் தாள் இல்லை. அன்று கடையில் பாயிடம் இந்தத் தாளைக் காட்டினேன். வாங்கி முன்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ராகு காலம் வரைக்கும் நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, “பத்திரமா வெச்சிக்கோ,” என்று திருப்பித் தந்தார்.