கடலில் மாமாவுக்கு இருந்த இடம்

என் தாய்மாமா பொய் சொல்லி நான் கையும் களவுமாகப் பிடித்தது ஒரே ஒரு தடவைதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. பிடித்ததில் அவ்வளவு பெருமை.

அம்மா பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வல்லத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கடலில் மீன் குறைந்ததும் மாமாவும் படகைப் பங்காளியிடம் விட்டுவிட்டு எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். "அடுத்த சீசனுக்கு ஊருக்குப் போயிடுவேன்" என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு மட்டுமே தெரிந்த மீன் இடம் ஒன்று இருந்தது. அது இருக்கும்வரை, தான் கம்பெனி ஆள் இல்லை, லீவில் வந்த மீனவன் என்பது அவர் நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் சாப்பிட அடம்பிடித்தால், சோற்றை உருட்டிக்கொண்டே அந்த இடத்துக்குப் போகும் வழியைக் கதையாகச் சொல்வார். கடலில் தெருவும் கதவு எண்ணும் ஏது? கரையில் தெரிகிற இரண்டு பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர் பிடிக்க வேண்டும். வேறொரு திசையில் இன்னும் இரண்டை. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் அடியில் பாறை. பாறை என்றால் மீன். வாய்ப்பாட்டைவிட அது எனக்கு நன்றாக மனப்பாடம்.

ஒரு ஞாயிறு, கடல் ஆராய்ச்சி செய்யும் அக்கா ஒருவர் குப்பத்தில் விசாரித்து, மாமாவைத் தேடி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இழுவை வலைகள் உடைத்துப்போட்ட பாறைகள் முன்பு எங்கெங்கே இருந்தன என்று பழைய மீனவர்களைக் கேட்டு, அங்கேயே மறுபடி கல் இறக்கப்போகிறார்களாம். பழைய வரைபடங்களில் பாதி இடம்கூட இல்லையாம்.

மாமா பவ்யமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சர்ச் சிலுவைக்குப் பின்னால லைட் ஹவுஸ் வரணும் மேடம். அங்கதான் கீது" என்றார்.

அக்கா எழுதிக்கொண்டார். எனக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்ள இன்றைக்கும் எனக்கு வராது.

"தப்பு மாமா! லைட் ஹவுஸ் இல்ல, தண்ணி டேங்க்!"

அதோடு விடாமல் மற்றத் திசையில் நேர் பிடிக்க வேண்டிய இரண்டையும் ஒப்பித்தேன். அம்மா தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அவர்கள் ஊரில் சொந்த மச்சான் கேட்டாலும் மீன் இடத்தைத் தப்பாகச் சொல்வதுதான் வழக்கம். கேட்டவனுக்கும் அது தெரியும் என்பதால் கோபித்துக்கொள்ள மாட்டான். இதெல்லாம் தெரியாத அந்த அக்கா, பாவம், வெறும் மணலில் கல்லைக் கொட்டியிருப்பார்.

மாமா தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"கல்லு எறக்கினா மெய்யாலுமே மீனு வருமா மேடம்?"

"பழைய எடத்துல எறக்கினா வரும்ணா. மணல்ல எறக்கினா பொதைஞ்சிடும்."

"அப்ப கொழந்த சொல்றதுதான் கரெக்ட்டு. எழுதிக்கங்க."

சொன்ன இடத்திலேயே கல் இறக்கினார்கள். சில வருடங்களில் மீன் வந்தது. இப்போது குப்பமே அங்கே வலை விடுகிறது. பங்காளி அனுப்பும் மீன் படங்களை மாமா ஷிப்ட் பஸ்ஸில் எல்லோருக்கும் காட்டுகிறார். நான் சொல்லி வந்த மீனாக்கும் என்று நானும் பீற்றிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த அக்கா வந்துபோன வாரமே மாமா தன் வாடகை அறைக்கு ஒரு கட்டில் வாங்கினார். சீசன் வந்தால் கிளம்பிவிடப் போகிறவனுக்குக் கட்டில் எதற்கு என்றுதான் அத்தனை நாளும் பாயில் படுத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதுகுவலி போல என்று நினைத்தேன். புதுக்கட்டில் கிடைத்த சந்தோஷத்தில் அதன்மேல் ஏறி ஆசைதீரக் குதித்தேன். மாமா சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.