டிரம்மில் கழனித்தண்ணி

மொட்டை மாடியில் மண் இல்லாமல் தக்காளி வளர்க்கப் போகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. உத்திரமேரூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை செய்பவன் நான். செல்போனில் வீடியோ பார்த்து, பிளாஸ்டிக் பைப்பில் வரிசையாக ஓட்டை போடுவதும், பழைய கூலர் மோட்டாரை டிரம்முக்குள் இறக்கித் தண்ணீரைச் சுற்ற விடுவதும் எனக்குக் கஷ்டமில்லை. பேசுவதுதான் கஷ்டம்.

அக்கா மட்டும் மாடிக்கு ஏறி வந்தாள். மாமா இறந்த பிறகு புள்ளலூரிலிருந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். நடவு நட்டே காலம் தள்ளியவள். டம்ளரில் தேங்காய் நார்த்தூளோடு நிற்கும் நாற்றுகளையும், பைப்புக்குள் தண்ணீரில் தொங்கும் வெள்ளை வேர்களையும் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாடா, ஆஸ்பத்திரி வார்டாட்டம் கீது? எல்லாத்துக்கும் குளுகோஸ் ஏத்திக்கினு கீற?"

"உரம் தண்ணியிலயே கீதுக்கா" என்றேன். அதற்கு மேல் விளக்கவில்லை.

சில நாளில் டிரம் தண்ணீர் வெளுத்துப் புளித்த நாற்றம் அடித்தது. வேரெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. உரத்தூள்தான் சரியில்லை என்று நினைத்தேன். ஒரு காலையில், அரிசி களைந்த தண்ணீரைக் குண்டானில் தூக்கிக்கொண்டு அக்கா படியேறுவதைப் பார்த்தேன்.

"வெறுந்தண்ணியில பட்டினியா கெடக்குதுங்க" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கழனித்தண்ணியை யாரும் சாக்கடையில் கொட்டுவதில்லை. வாழைக்கோ முருங்கைக்கோதான் போகும். ஆனால் அது டிரம்முக்குள் போனால் புளித்து, வேர் அழுகிவிடும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்கவே யோசிப்பவள், இந்த வீட்டில் கேட்காமல் செய்தது அந்த ஒன்றுதான்.

அதனால் அவள் நூறு நாள் வேலைக்குக் கிளம்பியதும் டிரம்மைக் கவிழ்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் உரம் கலந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். தினமும் இதே வேலை. செடிகள் தேறிப் பூ விட்டன. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருப் பெண்களை மாடிக்கு அழைத்து வந்து, "எல்லாம் நான் ஊத்தின கழனித்தண்ணிதான். இவன் உரம் இன்னா பண்ணிச்சி?" என்றாள். நானும் கூடச் சிரித்தேன்.

ஒருநாள் வேலை இல்லை என்று அவள் சீக்கிரம் திரும்பிவிட்டாள். மாடித் தண்ணீர் குழாய் வழியே வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. வெளுப்பாக, கழனித்தண்ணி வாசனையோடு. அவள் மேலே வந்தபோது டிரம் என் கையில் சாய்ந்திருந்தது.

"தெனைக்குமா கொட்டுற?"

டிரம்மை நிமிர்த்தி வைத்தேன்.

"வேணான்னு சொன்னா நான் இன்னா சண்டைக்கா வரப்போறேன்? தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனேடா."

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் கேட்க ஆரம்பித்தாள். டிவி போடட்டுமா? இந்தச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கட்டுமா? ஒவ்வொரு முறையும் எனக்குத் தலை குனிந்தது.

முதலில் பழுத்த தக்காளிகளைப் பறித்து அவள் கையில்தான் கொடுத்தேன்.

"கொழம்புக்கு எத்தினி போடட்டும்?" என்றாள்.

"உன் இஷ்டம்க்கா. தப்பு எம்மேலதான். சொல்றதுக்குக் கூச்சப்பட்டுக்கினு..."

"இப்பவே சொல்லிடு. அப்புறம் கொழம்பையும் மாடியிலேர்ந்து கொட்டுவ."

மனைவி சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அரிசி களைந்த குண்டானைத் தூக்கியவள், பின்வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத கருவேப்பிலைக்கு ஊத்தலாமா?"