ஏறாவூர்ச் சந்தையில் கதிர்காமத்தம்பி காவல் நின்றது

கல்லடி ஊர்க் கதிர்காமத்தம்பிக்குச் சந்தை பார்க்கக் கிடைத்தால் சோறும் வேண்டாம். தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கிழமைக்கு இரண்டு நாள் பஸ் ஏறிவிடுவார். வாகரையில் கருவாடு, ஓட்டமாவடியில் இடுப்பில் கட்டும் சாரன் என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். விலை கேட்கமாட்டார். வாங்கவும் மாட்டார்.

2023இல் ஒரு வெள்ளிக்கிழமை. ஏறாவூரில், தெருவோரம் பிளாஸ்டிக் சாமான் விற்கும் றவூப்பின் கடையில் ஒரு சிவப்பு வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

"ஐயா, ஜும்மாவுக்குப் போயிற்று வாறன். ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு றவூப் நடந்துவிட்டார்.

பக்கத்துக் கருவாட்டுக்கடை ஜிப்ரி அதைக் கவனித்தார். "அப்ப இதையும் பாருங்க ஐயா."

கைக்காப்பு விற்பவர் வந்தார், துணிக்காரர் வந்தார். கடைசியாகச் சலூன்காரர், பாதி முகம் வழித்த ஒரு மனிதரைக் கதிரையோடு நகர்த்திக் கொண்டுவந்து வைத்தார். "இவரும் இருக்கிறார்."

கால் மணித்தியாலத்தில் பதினொரு கடை கதிர்காமத்தம்பியின் பொறுப்பில். பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

றம்லா என்ற பெண் வாளி வாங்க வந்தாள்.

"என்ன விலை?"

"தெரியாது மகள்."

"ஏன் தெரியாது?"

"நான் கல்லடி."

அது அவளுக்கு நியாயமாகவே பட்டது. கடைக்காரர் வரட்டும் என்று நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். பெற்றோலுக்கும் காஸுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வரிசையைக் கண்டால் சனம் தானாகச் சேர்ந்துவிடும். பத்துப் பேருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாது. ஒருவர் மண்ணெண்ணெய் என்றார். உடனே வீடுகளிலிருந்து கான்கள் வந்தன. இரண்டு ஓட்டோவும் வந்து நின்றன. பாதி வழித்த மனிதர் கதிரையில் தூங்கிப்போனார். இடைஞ்சலாக இருக்கிறதென்று அவரைச் சனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளி, வரிசையின் கடைசியில் விட்டது.

றவூப் திரும்பி வந்தபோது அறுபது பேர் நின்றார்கள்.

"மண்ணெண்ணெய் இல்ல. வாளிதான் இருக்கு" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. இவ்வளவு நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு எப்படிப் போவது? வாளி முடிந்தது, பேசின் முடிந்தது. கண் விழித்த கதிரைக்காரருக்கு ஒரு தேயிலை வடிகட்டி மிஞ்சியது.

அடுத்த வெள்ளி காலை கல்லடி வீட்டு வாசலில் ஓட்டோ வந்து நின்றது. ஏறாவூர்க் கடைக்காரர்கள் சேர்ந்து, கல்லடியில் விசாரித்து ஐயாவைக் காவலுக்குக் கூட்டிவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"சம்பளம் தருவாங்களா?" என்று கேட்டாள் மனைவி மங்கையற்கரசி.

"கேட்கயில்ல" என்றார் கதிர்காமத்தம்பி, அயன் பண்ணிய சேட்டை மாட்டிக்கொண்டு.