முறிந்த சிறகும் செல்வமும்

யுத்த காலத்தில், ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு வாடகை அறையில் மூன்று மாதமாக மரத்துண்டுகளை ஒட்டி, ஆறடிச் சிறகுள்ள மாதிரி விமானம் ஒன்றைச் செய்தேன். அதன் பாகங்களை வெளிநாட்டிலிருந்து மச்சான் ஒரு பெட்டியில் அனுப்பியிருந்தான்.

"உன்ர கொக்கு எப்பயடா முட்டையிடும்?" என்று அறைத் தோழன் செல்வம் நக்கலடிப்பான்.

ஒருநாள் இராணுவச் சுற்றிவளைப்பில் வீடு சோதிக்க வந்த சிப்பாய் ஒரு சிறகை முறித்து உள்ளே பார்த்தான். "இது யார்ட?"

நான் வாய் திறக்கவில்லை.

"என்ர" என்றான் செல்வம். உளவு பார்க்கச் செய்த விமானம் என்று சந்தேகப்பட்டு அவனை இழுத்துப் போனார்கள்.

மூன்றாம் நாள் உதடு கிழிந்து வந்தான்.

"ஏன்டா பொய் சொன்னனி?" என்று கத்தினேன்.

"உன்னட்ட அடையாள அட்டை இல்லையேடா. நீ போயிருந்தா திரும்பியிருக்க மாட்டாய்."

அட்டையைத் தொலைத்துவிட்டு, புதிது எடுக்கச் சோம்பல்பட்டுத் திரிந்தவன் நான். ஆத்திரத்தில் மற்றச் சிறகையும் மிதித்து நொறுக்கினேன்.

"விடடா, ஒட்டலாம்" என்றான்.

அந்த உதட்டோடு அவன் அதைச் சொன்னதை நினைத்தால், இன்றும் என்மேல் எனக்குக் கோபம் ஆறுவதில்லை.