ஜோலி உண்டா?

போன மாசியில், கல்லாறு என்ற மலையடிவார ஊரில், வயதான ஓர் அம்மா தரையிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்தபோதுதான், நான் வீடுவீடாகக் கேட்டுவந்த கேள்வியே தப்பு என்று உறைத்தது.

நான் மருத்துவம் படிக்கிறேன், வீடு ஸ்ரீவராகத்தில். வயதானவர்களின் தசை பலத்தைப் பற்றி ஒரு சிறு ஆய்வு செய்ய ஆசை. சைக்ளோஸ்டைல் செய்த படிவமும் தையல் டேப்புமாக விடுமுறைதோறும் தம்பானூரில் பஸ் ஏறிவிடுவேன். படிவத்தின் முதல் கேள்வி, "ஜோலி உண்டா?"

அன்று போனது ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்கு. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் நாற்காலியில் இருந்தார். காய்ச்சலில் படுத்து எழுந்தபின் ஆற்றுக்குப் போய்க் குளிக்க முடியவில்லை என்பதுதான் அவருடைய ஒரே குறை. காய்ச்சல் விட்டு ஆறு மாதமாகியும், பெரிய டாக்டர் மாதிரி, "நன்னா ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ" என்றேன்.

அவர் மனைவி தரையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு ஜோலி உண்டா?"

"எனக்கு என்ன ஜோலி மக்களே? ஒண்ணும் இல்ல."

'உழைப்பு இல்லை' என்று எழுதி முடிப்பதற்குள், அவர் கிழங்கு முறத்தோடு, கையை எங்கும் ஊன்றாமல், விருட்டென்று எழுந்தார். முறத்தை வைத்தார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினார்.

"ஜோலி இல்லைன்னேளே?"

"இதா ஜோலி? ஜோலின்னா மாசச் சம்பளம் வேணும்லா!"

பெரியவர் சிரித்தார். "அவளுக்கு லீவே கிடையாது. பின்ன அது எப்படி ஜோலியாவும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலையாளம் கலந்த இந்தப் பக்கத்துப் பேச்சில் ஜோலி என்றால் உத்தியோகம். அதுவரை நான் பார்த்த பெண்கள் எல்லாரும் என் படிவத்தில் சும்மா இருப்பவர்கள்!

பெரியவரை எழுந்திருக்கச் சொன்னேன். கை ஊன்றாமல் முடியவில்லை. ஆறு மாதமாக உட்கார்ந்தே இருந்த தொடை டேப்புக்குள் தளர்ந்து கிடந்தது. ரெஸ்ட் எடுக்கச் சொன்ன வாயாலேயே மன்னிப்புக் கேட்டேன். பேராசிரியரைக் கேட்டு வந்து, மறுவாரம் ஒரு பயிற்சி சொன்னேன்: அம்மா எழும்போதெல்லாம் அவரும் நாற்காலியைவிட்டு எழ வேண்டும்.

"ஐயோ, அப்ப நான் உட்காரவே முடியாதே!" என்றார்.

போன வாரம் கை ஊன்றாமல் இரண்டு முறை எழுந்துவிட்டார். மூன்றாவது முறை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், பரவாயில்லை.

யாராவது 'ஜோலி இல்லை' என்றால், இப்போதெல்லாம் பேனாவை மூடிவிட்டு அவர் எழுந்திருக்கும்வரை காத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை, ஒரு பக்கம் நானும் மறுபக்கம் குடத்தோடு அம்மாவுமாக, பெரியவரை ஆற்றுப் படிவரை நடத்திப் பார்க்கப்போகிறோம்.