பங்குனி உத்திரமும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கணக்கு வாத்தியார் என்று சம்பளம் வாங்குகிறேனே தவிர, எந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கு வரும், எது வராது என்று நான் போட்ட கணக்கு ஒன்றுக்குக்கூட இதுவரை சரியான விடை வந்ததில்லை. நேற்று செல்போன் ஆப்பில் வருகைப் பதிவு போடும்போது ஒரு பையன் வராததற்கு அது காரணம் கேட்டது. உடல்நலக் குறைவு, குடும்ப நிகழ்ச்சி, இதர. மூன்றே வழி. 'இதர'வை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். "குண்டடத்தில் மாமன் எருமை வாங்கியிருப்பதால், அதைப் பார்க்க இரண்டு நாள் விடுப்பு தருமாறு" என்று ஒருவன் எழுதிய கடிதம் ஞாபகம் வந்தது. இரண்டாம் நாள் எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

அது வேலைக்குச் சேர்ந்த புதிது. திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் சின்ன அரசு உயர்நிலைப் பள்ளி. பல ஊர் சுற்றி இப்போது மறுபடி அங்கேதான் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் சாயப்பட்டறை வாசம், மூடினால் சத்துணவுச் சாம்பார் வாசம். பிள்ளைகள் எந்த ஊர்க்காரர்கள் என்று தெரிந்துகொள்ளப் படிவம் எதுவும் வேண்டாம், லீவு போடும் நாளைப் பார்த்தால் போதும். மாரியம்மன் நோம்பிக்கு வராவிட்டால் உள்ளூர். கிறிஸ்துமஸுக்குப் போய்ப் பொங்கல் கழித்துத் திரும்பினால் தெற்கே உடன்குடிப் பக்கம். ஹோலிக்கு மறுநாள் காதோரம் பச்சை மிச்சமிருந்தால் பீகார். அது ஹோலிப் பச்சையா, சாயப்பட்டறைப் பச்சையா என்று பிரித்தறிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் மொத்தமே பன்னிரண்டு பேர். பெரிய பள்ளியில் ஒருவர் தோற்றால் கண்ணுக்கே தெரியாது. எங்களிடம் தோற்றால் எட்டு சதவீதத்துக்கு மேல் போய்விடும். தலைமையாசிரியை அடைகாக்கும் கோழி மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். "ஏனுங்க சார், கணக்குல ஒண்ணு ஒடஞ்சாலும் நீங்கதானுங்க பதில் சொல்லோணும்" என்பார்.

அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி முத்துச்செல்வி. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அப்பா நிட்டிங் மிஷின் ஓட்டினார், அம்மா அதே கம்பெனியில் செக்கிங். கணக்குப் பரீட்சை சரியாகப் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் வந்து விழுந்தது. உத்திரத்தன்று குலதெய்வம் சாஸ்தா கோயிலில் நிற்காத தெற்கத்திக் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அவள் அப்பாவிடம் போய் நின்றேன்.

"புள்ளைய மட்டும் உட்டுப்போட்டுப் போங்களேன்."

"வயசுப் பிள்ளைய யாரு சார் பாத்துக்கிடுவா? பரீட்சை போனா போவுது, அவ அம்மைகூட செக்கிங்குக்கு வரட்டும். சூப்பர்வைசர்ட்ட சொல்லியாச்சி."

அவருக்குப் பின்னால் செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் அவள் எதிர்காலத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம்.

உத்திரத்துக்கு முதல் நாள் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. எனக்கு எங்கிருந்தோ ஒரு வீரம் வந்தது. பக்கத்து வீட்டில் கோயிலை மட்டும் விசாரித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அவளைப் பரீட்சைக்குக் கூட்டிவரவும் திரும்பும் வழியில் சொல்லித்தரவும் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தெற்கே பஸ் ஏறினேன். மறுநாள் மதியம் தேரி என்கிற செம்மணல் மேட்டில் பனைமரங்களுக்கு நடுவே கோயில். நின்ற வேன்களில் பாதி திருப்பூர்க் கம்பெனி வேன்கள். பொங்கல் பானைகளுக்கு நடுவே புத்தகத்தோடு அலைந்தவனை வரி வசூலிக்க வந்தவன் என்று நினைத்தார்களோ என்னவோ, மரியாதையாக இலை போட்டார்கள். ஒருவழியாகச் செல்வியின் அம்மாவைக் கண்டுபிடித்தேன்.

"நீங்க எதுக்கு சார் வந்திய? அவ சித்திகூட வேன்ல காலையிலயே திருப்பூருக்குப் போயிட்டாளே. சாமி கும்பிட்ட கையோட ஒத்தக்காலுல நின்னா. கடைசில அவ அப்பாவே போய்த் தொலைன்னுட்டாவ."

இலையில் வைத்ததைச் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது.

ஊர் திரும்பும் கூட்டத்தில் எந்த பஸ்ஸிலும் கால் வைக்க முடியவில்லை. நான் திருப்பூரில் இறங்கியபோது பரீட்சை முடிந்திருந்தது. பன்னிரண்டு பேரும் எழுதிவிட்டார்கள். வராதது ஒரே ஆள்: இன்னொரு பள்ளியில் கண்காணிப்புக்குப் போயிருக்க வேண்டிய நான். காரணம் கேட்டு மெமோ வந்தது. 'குலதெய்வ வழிபாடு' என்று எழுதினேன். பொய்யில்லை, குலம்தான் என்னுடையதில்லை.

ரிசல்ட்டில் செல்வி கணக்கில் எழுபத்தெட்டு. தோற்றது ஒருவன், குமரேசன். உள்ளூர்த் தோட்டத்துக்காரர் மகன். வீடு பள்ளி மதிலை ஒட்டி. வருடம் முழுக்க ஒரு நாள் லீவு போடாதவன் என்பதால் நானும் அவனைப் பற்றி ஒரு நாள் கவலைப்படாதவன். "தெனமும் வந்தனுங்களே சார்" என்றான், இதற்கு மேல் என்ன செய்வது என்பது போல.

இப்போது பங்குனி உத்திரத்தன்று எங்கள் பெஞ்சுகள் நிறைந்தே இருக்கின்றன. தெற்கத்திக் குடும்பங்கள் இங்கேயே இடம் வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளை வேன் வரும் பள்ளிகளுக்கு மாற்றிவிட்டன. கடைசி பெஞ்சிலிருந்து "சார், நீங்க சாப்ட்டியளா" என்று கேட்கும் குரல் போய்விட்டது. அந்த இடத்தில் இந்தி கேட்கிறது. ஹோலிக்குத்தான் வகுப்பு காலியாகிறது. விடுப்புக் கடிதம் யாரும் எழுதுவதில்லை.

போன மாதம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி வாசலில் செல்வியைப் பார்த்தேன். அங்கே மெர்ச்சண்டைசர். யாரையோ போனில் ஷிப்மென்ட்டுக்காக விரட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் கழித்தாவது சொல்லிக்காட்டலாமே என்று, "அன்னைக்கு உனக்கோசரம் அத்தன தூரம் வந்தனே கண்ணு, தெரியுமா?" என்றேன்.

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா சார்."