அக்கா கூப்பிட்டால் மாடுகள் வரும்

எங்கள் அக்கா பத்து காவான் என்னும் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் எனக்கு எல்லாமே அவர்தான். மாடு வளர்த்து, வீடுவீடாகப் பால் ஊற்றி என்னைப் படிக்க வைத்தார். தமக்கென்று ஒரு திருமணத்தை நினைக்கவில்லை.

செம்பனை மரங்களுக்குள் மேய அவிழ்த்துவிட்ட மாடுகள் மாலையில் அவர் குரலுக்குத் திரும்பும். "ப்பா... வாப்பா..." என்று நீட்டிக் கூப்பிடுவார். மழை விட்ட ஆவிக்குள் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு மரங்களே நகர்ந்து வருவதுபோல் ஒவ்வொன்றாக வரும். இப்போதும் பகலில் கண்ணயர்ந்தால் அதைத்தான் பார்க்கிறேன்.

வெளிநாட்டுக்கு இறைச்சி அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்கு, சிறு வளர்ப்பாளர்களிடம் மாடு வாங்கித் தருவது என் வேலை. தோட்டத்தில் தொழிற்சாலைகள் எழும்பியதும் மேய்ச்சல் போயிற்று. அக்காவும் விற்கச் சம்மதித்தார். மாடுகள் எங்கே போகும் என்பதை நான் மறைக்கவில்லை. லாரி வரும் நாளில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விடுவதாக மட்டும் சொல்லியிருந்தார்.

அன்று ஆட்கள் விரட்ட விரட்ட மாடுகள் சிதறி ஓடின. கோயிலுக்குப் புறப்பட்டவரை நான் நிறுத்தினேன்.

"நீ கூப்பிடுக்கா. வேற யாருக்கும் வராது."

"விக்கச் சொன்ன, வித்துட்டேன். கூப்பிடவும் சொல்றியா தம்பி?"

"கப்பல் காத்திருக்காதுக்கா."

கூப்பிட்டார். எல்லாம் வந்தன. லாரிப் பலகையில் மட்டும் கால் வைக்கவில்லை. அக்கா தாமே உள்ளே ஏறி நின்று மறுபடி கூப்பிட்டார். ஒவ்வொன்றாக ஏறி அவரைச் சுற்றி நின்றன.

"இறங்குங்கக்கா, கதவ சாத்தணும். உங்களையும் ஏத்திட்டுப் போனா கம்பெனி வாங்காதுலா," என்று சிரித்தார் லாரிக்காரர். நானும் சிரித்தேன்.

அதன்பின் அக்கா யாரையும் குரலெடுத்துக் கூப்பிட்டதில்லை. பட்டர்வொர்த்தில் என் வீட்டுக்கு வந்தபின், சாப்பிட அழைக்கக்கூட அறைவரை நடந்துவந்து தோளைத் தொடுவார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் உடனே மன்னித்துவிடுவார் என்பது தெரியும். அதைத் தாங்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அக்கா படுக்கையில் விழுந்தபின் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மையாருக்கும், முகம் சுளிக்காமல் உடம்பு துடைத்துவிட்ட என் மருமகளுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல். மயக்கத்திலிருந்த அக்கா அந்தப் பழைய குரலில் கூப்பிட்டார். நான் எழுந்து அருகில் போனேன்.

"எல்லாம் வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா."

"ஏத்தாத தம்பி."

"ஏத்த மாட்டேன்க்கா," என்றேன். அக்கா கண்ணைத் திறக்காமலே கைநீட்டி என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.